ஹெர்குலிஸ் டீம்: டூர் டி பிரான்ஸ்லேர்ந்து திருமங்கலம் ரோடு வரைக்கும்

எங்க வீட்டுத் திண்ணையில ஒரு கறுப்பு சைக்கிள் நிக்குது. தாத்தாவோட ஹெர்குலிஸ். ராடு பிரேக், அகலமான கேரியர், இரும்பு ஸ்டாண்ட். திருமங்கலம் பக்கத்துலேர்ந்து மதுரை மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டை ஏத்திட்டு வருவார். நான் குரங்கு பெடல் போட்டுப் பழகினதும் அதுலதான்.

கொஞ்ச நாள் முன்னாடி 1955 டூர் டி பிரான்ஸ் பத்திப் படிச்சிட்டு இருந்தேன். அதுல ஒரு ரேஸ் டீமோட பேர் 'ஹெர்குலிஸ்'னு வந்துச்சு. சும்மா பேர் ஒத்துமைன்னு நினைச்சேன். இல்லை, அதே ஹெர்குலிஸ்தான்.

1910-ல் பர்மிங்ஹாமில் தொடங்கிய கம்பெனி அது. 1946-ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், சுருக்கமா டிஐ, அதை வாங்கியது. மூணு வருஷம் கழிச்சு, 1949-ல், அதே டிஐ நம்ம முருகப்பா குழுமத்தோட கைகோத்து டிஐ சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கியது. 1951-லேர்ந்து சென்னை அம்பத்தூர்ல ஹெர்குலிஸ் சைக்கிள்கள் வெளிவந்தன.

அதே வருஷங்கள்ல இங்கிலாந்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ஹெர்குலிஸ் முதல்ல ஐலீன் ஷெரிடன் என்ற பெண்ணோட மூணு வருஷ ஒப்பந்தம் போட்டது. உயரம் அஞ்சு அடிகூடக் கிடையாது. பெண்களுக்கான 21 சாலை சாதனைகளையும் அவர் முறியடித்தார். 1954-ல் பிரிட்டனின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை 2 நாள் 11 மணி 7 நிமிஷத்துல போய்ச் சேர்ந்தார். கம்பெனிக்கு இதைவிட நல்ல விளம்பரம் எது?

அடுத்து, சம்பளம் கொடுத்து ஒரு சின்ன ஆண்கள் டீம். 1955 தொடக்கத்துல அவங்களைப் பயிற்சிக்கு பிரான்சுக்கே அனுப்பினாங்க. அப்போ டூர் டி பிரான்ஸ்ல கம்பெனி டீம்கள் கிடையாது, நாடுகளின் அணிகளும் பிரெஞ்சு வட்டார அணிகளும்தான். அந்த வருஷம் முதல்முறையா முழு பிரிட்டிஷ் அணி ஒண்ணு இறங்கியது. பத்துப் பேர். அதுல பாதிக்கு மேல ஹெர்குலிஸ் ஆட்கள்.

22 ஸ்டேஜ், கிட்டத்தட்ட 4,500 கிலோமீட்டர். பத்துப் பேர்ல பாரிஸ் வரை வந்து சேர்ந்தது ரெண்டே பேர். பிரையன் ராபின்சன் 29-வது இடம். டோனி ஹோர் 69-வது, அதாவது கடைசி. ஜெயிச்ச லூயிசோன் போபேவைவிட மொத்த நேரத்துல ஆறு மணி நேரத்துக்கு மேல பின்தங்கியிருந்தார். டூர்ல கடைசியா வர்றவருக்கு 'சிவப்பு விளக்கு'ன்னு பட்டப்பேர். ரயிலோட கடைசிப் பெட்டியில தொங்குமே, அந்த விளக்கு. ஆனா ஒண்ணு கவனிங்க. டூரை முழுசா முடிச்ச முதல் பிரிட்டிஷ்காரங்க இந்த ரெண்டு பேர்தான். ரெண்டு பேருமே ஹெர்குலிஸ்.

அந்த வருஷ முடிவுலேயே டீமைக் கலைச்சுட்டாங்க. ராபின்சன் விடலை. 1958-ல் டூர்ல ஸ்டேஜ் ஜெயித்த முதல் பிரிட்டிஷ்காரர் ஆனார். டிஐயும் பிற்பாடு ரேஸுக்குத் திரும்பி வந்தது. 1960-ல் ராலே கம்பெனியை வாங்கி, 1972-லேர்ந்து 1983 வரை டிஐ-ராலே என்ற டீமை நடத்தியது. 1980-ல் யோப் சூட்டமெல்க் அந்த ஜெர்சியில் டூரையே ஜெயித்தார். நம்ம ஊர் சைக்கிளுக்குப் பின்னாடி இருந்த அதே டிஐ!

அப்போ கேள்வி இதுதான். ஒரே கம்பெனி, ஒரே பேர். மதுரையைச் சுத்திச் சமவெளி. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம்னு எந்தப் பக்கம் போனாலும் சைக்கிள் மிதிக்கிற சனம். இங்கே ஏன் ஒரு ஹெர்குலிஸ் டீம் வரலை?

"நம்ம ஆளுங்களுக்கு ஸ்போர்ட்ஸ்ல ஆர்வமில்லை"ன்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். ரேஸ் டீம்ங்கிறது கம்பெனிக்கு விளம்பரச் செலவு. ஐம்பதுகள்ல இங்கிலாந்துல சனங்க மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் மாறிட்டு இருந்தாங்க. சைக்கிளை விக்கிறதுக்கு 'வேகம்'னு ஒரு கதை தேவைப்பட்டுச்சு. இங்கே சைக்கிள் வாங்க வந்தவர் கேட்ட கேள்வியே வேற: "எம்புட்டு எடை தாங்கும்?" அதை நிரூபிக்க ரேஸ் எதுக்கு? பால்கேன் கட்டிட்டுப் போற ஒவ்வொருத்தரும் காசு வாங்காத விளம்பரம்தானே! கம்பெனிக்குத் தேவை இல்லை, அதனால டீமும் இல்லை. திறமை இருந்துச்சா இல்லையான்னு யாரும் சோதிச்சுக்கூடப் பார்க்கலை.

எனக்கு உறுத்துற விஷயம் இன்னொண்ணு. கடைசியா வந்த ஹோரோட நேரம்கூட நிமிஷம், நொடி வரைக்கும் பதிவாகியிருக்கு. நான் ஞாயித்துக்கிழமை அழகர்கோயில் ரோட்டுல கியர் சைக்கிள்ல 30 கிலோமீட்டர் போனா, என் வாட்ச் எல்லாத்தையும் எழுதி வைக்குது. தாத்தா மூட்டையோட போக இருபது, வர இருபதுன்னு வருஷக்கணக்கா மிதிச்சார். ஒரு வரி பதிவு கிடையாது.

அவர்கிட்டயே கேட்டேன். "தாத்தா, மார்க்கெட் வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"கோழி கூவயில கெளம்புனா, கடை தெறக்குறதுக்குள்ள வந்துருவேன்டா."

"வழியில யாரையாவது முந்துவீங்களா?"

சிரிச்சார். "பெறகு? மொத மூட்டைக்குத்தானய்யா நல்ல வெல!"

இத்தனை வருஷமா அந்தச் சைக்கிள் திண்ணையில நிக்குது. நான் இதைக் கேட்டது இப்போதான். உங்க வீட்லயும் யாராவது இருப்பாங்க. எந்த ஊர்லேர்ந்து எந்த ஊருக்கு மிதிச்சாங்க, என்ன சுமை, எத்தனை வருஷம்னு கேட்டு, அவங்க குரல்லயே ரெக்கார்ட் பண்ணி வைங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.