காட்டுத் தபாலும் கர்னி கொலையும்

கோலா குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் சாலையில் நீங்களும் போயிருப்பீர்கள். வளைவுக்குமேல் வளைவு, ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். 1951 அக்டோபர் 6, சனிக்கிழமை, இந்தச் சாலையில்தான் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் வருவது காட்டிலிருந்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது? வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "யாரோ தகவல் கொடுத்துட்டாங்க டீச்சர்" என்றுதான் பதில் வரும். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங் 2003இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் வேறு கதை சொல்கிறார். படை வாகனம் ஏதாவது வந்தால் தாக்கலாம் என்று காத்திருந்த குழு அது. சிக்கியது கர்னி என்பது பிறகுதான் தெரிந்ததாம். கட்சிக்காரர் பேச்சு என்று ஒதுக்கலாம். ஆனால் அவர்களுடைய தகவல் வலை எவ்வளவு மெதுவானது என்று பார்த்தால், அவர் சொல்வது பொருந்தியே வருகிறது. இத்தனைக்கும் அன்று கர்னியுடன் புறப்பட்ட போலீஸ் வானொலி வண்டியே வழியில் பழுதாகி நின்றுவிட்டது.

காட்டில் வானொலியை நம்பி இயக்கம் நடத்த முடியவில்லை. எல்லாம் ஆள்வழித் தபால்தான். மெல்லிய தாளில் பொடி எழுத்தில் எழுதி, இறுகச் சுருட்டி, குறித்த இடத்தில் ஒருவர் ஒளித்து வைப்பார். இன்னொருவர் பிறகு வந்து எடுப்பார். இருவரும் முகம் பார்க்க வேண்டியதில்லை. பிடிபட்டாலும் தன் பங்கு வழியை மட்டுமே சொல்ல முடியும். இன்றைய கணினி உலகில் டோர் வலையமைப்பும் ஏறக்குறைய இப்படித்தான்: நடுவிலுள்ள கணினிக்கு முன்னதும் தெரியும், பின்னதும் தெரியும், முழு வழி தெரியாது.

போலீஸ் உளவுப்பிரிவும் சளைத்ததல்ல. சிக்கிய தபாலைப் பிரித்து, படியெடுத்து, பழையபடி சுருட்டிப் போகவிடும் வேலையும் நடந்தது. அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் சந்தேகமே வராது. கணினிப் பாடத்தில் வரும் இடைமறிப்புத் தாக்குதலை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நம் தோட்டத்து மக்கள். 1950இல் பிரிக்ஸ் திட்டம் தொடங்கியபின் லயங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, வாசலில் சோதனை. காட்டுக்கு அரிசி போகக்கூடாது, சேதி போகக்கூடாது. காட்டுப் பக்கமிருந்தோ வேறு தொல்லை: பால்மரத்தை வெட்டுவது, அடையாள அட்டையைப் பறிப்பது.

தேர்வு மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்தத் தொல்லைகளை நிறுத்தச் சொல்லிக் கட்சி தீர்மானம் போட்டது. கர்னி கொலையால் வந்த அதிர்ச்சிதான் அதற்குக் காரணம் என்று எழுதுகிறீர்கள். தீர்மானத்தின் தேதி 1951 அக்டோபர் 1. கொலைக்கு ஐந்து நாள் முந்தியது! பிறகு ஏன் குழப்பம்? அந்தத் தாள் ஆள்மாறி ஆள்மாறி எல்லாக் குழுக்களுக்கும் போய்ச் சேரப் பல மாதங்களாயின. அது எட்டாத காட்டோரத் தோட்டங்களில் பழைய உத்தரவே உத்தரவு, மரவெட்டு நிற்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு, கர்னி செத்தபிறகு மெல்ல மெல்ல மனம் மாறியது போலத்தான் தெரிந்திருக்கும். பிரிட்டிஷ் தரப்புக்குத் தீர்மானத்தின் முழு விவரம் தெரிய வந்ததும் 1952இல்தான்.