கொடியை விவரிக்கும் சொற்கள்

காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்களைப் பதிவுசெய்யும் வேலையில் சில காலம் உதவியிருக்கிறேன். ஒருநாள் ஒரு அம்மா தன் மகனின் கடைசிப் படத்தைக் கொண்டுவந்தார். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில், அணிநடைக்கு முன்னால் மகன் கொடி பிடித்து வருகிறான். முன்னர் வேறோர் இடத்தில் அந்தப் படத்துக்கு "சிவப்புக் கொடியுடன் இளைஞர்" என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்.

"தம்பி, இது அவன்ரை இல்லக் கொடி. பிள்ளை வேறை என்னவோ பிடிச்ச மாதிரியெல்லோ எழுதிப்போட்டினம்" என்றார்.

அதன் பிறகுதான் கொடிகளை விவரிக்கும் முறையைத் தேடிப் படித்தேன். ஐரோப்பாவில் கேடயச் சின்னங்களை விவரிப்பதற்கென்றே ஒரு தனிமொழி வளர்ந்தது. படத்தைப் பார்க்காத ஒருவர் சொற்களை மட்டும் வாசித்து அதே சின்னத்தை வரையக்கூடியதாக விவரிப்பு இருக்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை. முதலில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லவேண்டும். அதன் பொருளைப் பேசுவது அடுத்த வேலை.

பக்கங்கள்

கம்பத்தோடு சேர்ந்த பக்கம் கம்பப் பக்கம். காற்றில் அசையும் பக்கம் பறக்கும் பக்கம். கம்பப் பக்கத்து மேல்மூலைக்குத் தனி மதிப்பு உண்டு. காற்றில்லாமல் கொடி தொங்கும்போதும் அதிகம் கண்ணில் படுவது அந்த மூலைதான். கேடயத்தில் வலது, இடது என்பவை அதைத் தாங்கி நிற்பவரின் வலது, இடது. பார்ப்பவருக்கு அவை மாறித் தெரியும்.

தளம், சின்னம், கரை

கொடியின் பின்னணிப் பரப்பு தளம். அதன்மேல் இருப்பது சின்னம். விளிம்பைச் சுற்றி ஓடுவது கரை. வேட்டிக்கும் சேலைக்கும் நாம் சொல்லும் அதே கரைதான். முதலில் தளம், பிறகு பிரதான சின்னம், கடைசியில் மற்றவை என்ற ஒழுங்கில் விவரிப்பது வழக்கம்.

நிலை

விலங்கு எப்படி நிற்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஸ்கொட்லாந்து அரச கொடியின் சிங்கம் பின்கால்களில் எழுந்து நிற்கிறது. இங்கிலாந்துச் சின்னத்தின் மூன்று சிங்கங்களும் ஒரு முன்காலை உயர்த்தி நடக்கின்றன. யாழ்ப்பாண அரசின் சேது நாணயங்களில் உள்ள நந்தி படுத்திருக்கிறது.

நிறம்

கேடயச் சின்னக் கலையில் மஞ்சள் பொன்னாகவும் வெள்ளை வெள்ளியாகவும் கொள்ளப்படும். இவை இரண்டும் உலோகங்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா ஆகியவை வண்ணங்கள். உலோகத்தின்மேல் உலோகமோ, வண்ணத்தின்மேல் வண்ணமோ வரக்கூடாது என்பது பழைய விதி. தூரத்திலிருந்து பார்த்தாலும் சின்னம் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதே காரணம்.

ஓர் உதாரணம்

இந்தச் சொற்களால் இலங்கையின் தேசியக் கொடியை விவரித்துப் பார்ப்போம். கம்பப் பக்கத்தில் பச்சை, செம்மஞ்சள் என இரண்டு நிலைக்குத்துப் பட்டிகள். அடுத்து, கருஞ்சிவப்புத் தளத்தில் வலது முன்காலில் வாளேந்திக் கம்பப் பக்கம் நோக்கி நிற்கும் பொன்னிறச் சிங்கம். அத்தளத்தின் நான்கு மூலைகளிலும் அரசிலைகள். பட்டிகளைச் சுற்றி ஒரு மஞ்சள் கரை, சிங்கத்தின் தளத்தைச் சுற்றி இன்னொரு மஞ்சள் கரை.

பச்சை முஸ்லிம்களையும் செம்மஞ்சள் தமிழர்களையும் குறிப்பதாக அரசு பொருள் சொல்கிறது. 1948இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைமையில் கொடிக்குழு அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினரான செனட்டர் எஸ். நடேசன் குழுவின் முடிவுக்கு உடன்படவில்லை. ஆயினும் 1951இல் பட்டிகளுடன் கூடிய கொடி ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1972இல் அரசிலைகள் வந்தன. அந்தப் பட்டிகள் சிங்கத்தின் தளத்துக்குள் இல்லை, வெளியே தனிக் கரைக்குள் இருக்கின்றன. இது கண்ணால் காணக்கூடிய செய்தி. அதற்கு என்ன பொருள் என்பது வாதத்துக்குரியது. இரண்டையும் பிரித்துச் சொன்னால் வாதமும் தெளிவாக நடக்கும்.

சின்னமில்லாத கொடி

வெள்ளைக்கொடிக்குச் சின்னமில்லை, கரையில்லை, தளம் மட்டுமே உண்டு. விவரிக்க ஒரு சொல் போதும். ஆனால் அதன் பொருள் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகளின் 32ஆம் பிரிவின்படி, எதிர்த்தரப்புடன் பேச அதிகாரம் பெற்று வெள்ளைக்கொடியுடன் வருபவரும் அவருடன் கொடி பிடித்து வருபவரும் தாக்கப்படலாகாது. அந்தக் கொடியை ஏமாற்றுக்குப் பயன்படுத்துவதும் தடை. 2009 மே மாதத்தைக் கடந்து வந்த எமக்கு அந்தப் பிரிவின் கனம் தெரியும்.

அந்த அம்மாவின் படத்துக்குப் புதிய குறிப்பு எழுதினேன்: "பாடசாலை இல்லக் கொடி. சிவப்புத் தளம். நடுவே வெள்ளை வட்டம், அதனுள் ஏடும் எழுத்தாணியும். கம்பப் பக்க மேல்மூலையில் வெள்ளை எழுத்தில் 'கம்பர் இல்லம்'. கொடியை ஏந்தியிருப்பவர் இல்லத் தலைவர்."

வாசித்துக் காட்டினேன். "இப்ப சரி" என்று சொல்லி, படத்தைத் திரும்ப உறைக்குள் வைத்தார்.