உதகை அண்டக்கதிர் ஆய்வகம்

உதகை அண்டக்கதிர் ஆய்வகம், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நீலகிரி மாவட்டத்தின் உதகமண்டலத்தில் நடத்திவரும் ஆய்வு நிலையம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் (காஸ்மிக் கதிர்கள்) பற்றி 1950கள் முதல் இங்கு ஆய்வு நடைபெறுகிறது. இதன் இன்றைய முதன்மைக் கருவித் தொகுதி கிரேப்ஸ்-3.

மலை ஏன்?

1912இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் பறந்து, உயரே செல்லச் செல்லக் கதிர்வீச்சு மிகுவதைக் கண்டறிந்தார். அண்டக்கதிர் ஆய்வு இதிலிருந்து தொடங்குகிறது. இதற்காக 1936இல் நோபல் பரிசு பெற்றார்.

அண்டக்கதிர்களில் பெரும்பாலானவை புரோட்டான்கள். அவை வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உள்ள அணுக்கருக்களோடு மோதும்போது புதிய துகள்கள் தோன்றுகின்றன. அவையும் மோதிப் பெருகி, மழைபோலக் கீழே இறங்குகின்றன. இது காற்றுப் பொழிவு எனப்படும். கடல்மட்டத்தை அடைவதற்குள் இத்துகள்களில் பெரும்பகுதி மறைந்துவிடும். ஆகவே அவற்றை மலைமேல் பிடிப்பது எளிது.

தென்கோடி இந்தியாவுக்கு மலை ஆய்வகம் புதிதன்று. நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசில் இருந்த 1850களில், திருவனந்தபுரம் வானாய்வுக்கூட இயக்குநர் ஜான் ஆலன் பிரௌன் அகத்தியமலை உச்சியில் புவிக்காந்தத்தை அளக்கும் நிலையம் ஒன்றை அமைத்தார். அண்டக்கதிர் ஆய்விலும் புவிக்காந்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. புவிக்காந்த நடுக்கோட்டுக்கு அருகே காந்தப்புலம் ஆற்றல் குறைந்த துகள்களைத் திருப்பி அனுப்பிவிடும். உதகையில் செங்குத்தாக வந்திறங்க, ஒரு புரோட்டானுக்கு ஏறத்தாழ 17 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை.

முகிலறைக் காலம்

இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர் ஹோமி பாபா. காற்றுப் பொழிவு எவ்வாறு பெருகுகிறது என்பதை விளக்கும் கோட்பாட்டை 1937இல் ஹைட்லருடன் சேர்ந்து வெளியிட்டவர். 1945இல் டாட்டா நிறுவனத்தை நிறுவினார். அங்கு பணியாற்றிய பி. வி. ஸ்ரீகண்டன் உள்ளிட்டோர் 1950களில் உதகையில் ஆய்வைத் தொடங்கினர். முகிலறையே அன்றைய முக்கியக் கருவி. மின்னூட்டமுள்ள துகள் செல்லும் வழியில் ஆவி நுண்துளிகளாகப் படிந்து கோடாகத் தெரியும். ஸ்காட்லாந்து அறிஞர் சி. டி. ஆர். வில்சன் உருவாக்கிய கருவி இது. அக்காலத்தின் மிகப் பெரிய முகிலறைகளுள் ஒன்று உதகையில் இயங்கியது.

கோலாரிலிருந்து வந்த குழாய்கள்

இதே நிறுவனத்தார் கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கத்திலும், தரைக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே, ஆய்வு செய்துவந்தனர். 1965இல் வளிமண்டல நியூட்ரினோ அங்கு கண்டறியப்பட்டது. 1980களில், புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க ஆயிரக்கணக்கான சதுர இரும்புக் குழாய்களை அடுக்கிக் காத்திருந்தனர். சிதைவு உறுதிப்படவில்லை. பின்னர் சுரங்கமும் மூடப்படும் நிலைக்கு வந்தது.

அந்தக் குழாய்கள் வீணாகவில்லை, உதகைக்குக் கொண்டுவரப்பட்டன. ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம். அவற்றுள் 3,712 குழாய்களைக் கொண்டு, 560 சதுர மீட்டர் பரப்பில், கான்கிரீட் கூரைக்கு அடியில் மியூவான் தொலைநோக்கி அமைக்கப்பட்டது. மியூவான் தவிர்த்த துகள்களில் பெரும்பாலானவை அந்தக் கான்கிரீட்டிலேயே நின்றுவிடும். அருகே திறந்தவெளியில், துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகள் கொண்ட சுமார் 400 உணரிகள் 8 மீட்டர் இடைவெளியில் பரப்பப்பட்டுள்ளன. ஜப்பானிய அறிவியலாளர்களும் இப்பணியில் பங்கேற்றனர்.

புரோட்டான் உண்டாக்கும் பொழிவில் மியூவான்கள் மிகுதி. காமா கதிரின் பொழிவில் குறைவு. இரண்டையும் பிரித்தறிய இந்த வேறுபாடு உதவுகிறது. மின்னூட்டமுள்ள துகள்கள் விண்வெளிக் காந்தப்புலங்களில் வளைந்து வருவதால் அவற்றின் பிறப்பிடம் தெரிவதில்லை. காமா கதிர் நேராக வருவதால் புறப்பட்ட திசையைக் காட்டிவிடும்.

எதிர்பாராத கண்டுபிடிப்புகள்

2015 ஜூன் 22 அன்று மியூவான்களின் எண்ணிக்கை 2 மணி நேரம் திடீரென உயர்ந்தது. சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பிய மின்மத் திரள் புவியைத் தாக்கியதால் காந்தக் கவசம் சற்றுநேரம் தளர்ந்தது என ஆய்வாளர்கள் விளக்கினர்.

இடிமேகங்கள் கடக்கும்போதும் எண்ணிக்கை மாறியது. 2011 ஏப்ரல் முதல் 2014 டிசம்பர் வரை பதிவான 184 இடிமழைகளில், 2014 டிசம்பர் 1ஆம் நாள் மேகத்தில் மட்டும் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் உருவானதாகக் கணக்கிடப்பட்டது. 6 நிமிடங்களில் அந்த அளவை எட்ட, குறைந்தது 2,000 மெகாவாட் திறன் வேண்டும். அது கூடங்குளத்தின் முதல் இரண்டு அணு உலைகளின் மொத்தத் திறனுக்குச் சமம். இடிமேகத்தில் 100 கோடி வோல்ட் வரை உருவாகலாம் என்று 1920களிலேயே கணித்தவர், முகிலறையை உருவாக்கிய அதே வில்சன்தான். புரோட்டான் சிதைவைக் காண முடியாத குழாய்களே, ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின் அக்கணிப்புக்குச் சான்று தந்தன. முடிவுகள் 2019இல் வெளியாயின.

இன்றைய நிலை

காமா கதிர் வானியலின் மற்றொரு கிளை இப்போது லடாக்கில் வளர்கிறது. 4,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஹான்லேயில், 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்டது. உதகையில் கிரேப்ஸ்-3 தொடர்ந்து இயங்குகிறது. அண்டக்கதிர்களுக்கு இவ்வளவு ஆற்றல் எங்கிருந்து கிடைக்கிறது என்ற ஹெஸ் காலத்துக் கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.