மருத்துவக் கவனக்குறைவும் இழப்பீட்டு வழக்கும்

இந்தியாவில் மருத்துவரின் கவனக்குறைவுக்கு இழப்பீடு கோரும் வழக்குகளின் வரலாற்றை ஆராயப் புகுவோர் 1968ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பொன்றைக் கடந்து செல்லல் இயலாது. நிகழ்ச்சி 1953 மே மாதத்தது. இரத்தினகிரி மாவட்டக் கடற்கரைச் சிற்றூரொன்றில் இருபது அகவை இளைஞனுக்கு இடத் தொடையெலும்பு முறிந்தது. உள்ளூர் மருத்துவர் மரப்பலகை வைத்துக் கட்டினார். மூன்றாம் நாள் நள்ளிரவுக்குப் பின் வாடகைக் காரில் ஏற்றி, ஏறத்தாழ 200 மைல் கடந்து பூனாவுக்குக் கொண்டு சென்றனர். அங்கு அறுவை மருத்துவர் மயக்கமருந்து தராது, மார்ஃபியா ஊசி மட்டும் இட்டு, மிகு விசையுடன் எலும்பை இழுத்துப் பொருத்தினார் என்பதும், அவ்வதிர்ச்சியே அன்றிரவு நேர்ந்த இறப்பிற்குக் காரணம் என்பதும் நீதிமன்றங்கள் கண்ட முடிவு. மருத்துவர் அளித்த சான்றிதழோ கொழுப்படைப்பைக் காரணமாகக் காட்டியது. வழக்குத் தொடுத்த தந்தையும் ஒரு மருத்துவரே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அத்தொழிலறிவு இல்லாத பெற்றோர் அச்சான்றிதழை ஐயுற்றிருப்பரா? பதினைந்தாண்டுகளுக்குப் பின் உறுதியான இழப்பீடு 3,000 ரூபாய்.

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் செலவு குறைந்த வேறொரு வாயிலைத் திறந்தது. மருத்துவம் அச்சட்டம் கூறும் 'சேவை' ஆகுமா என்பதில் கருத்துகள் மாறுபட்டன. சென்னை உயர்நீதிமன்றம் 1994இல் ஆகாது என்றது. 13.11.1995 அன்று உச்சநீதிமன்றம், கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் சேவையே என வரையறுத்தது. 2019ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் அது அடங்கும் என்பது 2022இல் உறுதிப்பட்டது. எவரிடமும் கட்டணம் பெறாத மருத்துவமனைக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்குப் பிழை நேரின் ஏழைக்கு எஞ்சுவது, அத்தந்தை புகுந்த உரிமையியல் நீதிமன்ற வாயிலே.