பத்து ரூபாய்க் கேள்வி



'சாமானியனுக்குப் பலம் தருவது ஓட்டா, தகவலா?' இதுதான் தலைப்பு. தகவல்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நல்லாத்தான் பேசினார். "ஓட்டுப் போடுற அன்னிக்குச் சாமானியன்தான்யா ராஜா!"ன்னார். மறுக்கலீங்க. ஆனா அஞ்சு வருஷத்துக்கு 1,826 நாள். ஒரு நாள் ராஜா. மிச்சம் 1,825 நாளும் அவன் யாரு? (சிரிப்பு)

நம்ம ஊர்ல அபிப்பிராயத்துக்குப் பஞ்சம் உண்டா? சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ சொல்லிட்டு நில்லுங்க. டீ ஆறுறதுக்குள்ள அமெரிக்க ஜனாதிபதியிலேர்ந்து நம்ம வார்டு கவுன்சிலர் வரைக்கும் எல்லாருக்கும் மார்க் போட்டு முடிச்சிருப்பாங்க. "சரிண்ணே, நம்ம தெரு சாக்கடைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினாங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. சத்தமே இருக்காது. கொஞ்சம் கழிச்சு, "எல்லாத்தையும் தின்னுட்டானுங்க தம்பி"ம்பாரு. இது அபிப்பிராயம். 'இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவு, இது பில்லு'ங்கிறது தகவல். முதல்ல சொன்னதைக் கேட்டு எந்த அதிகாரியும் தூக்கம் கெட்டதில்லை. ரெண்டாவதைக் கேட்டா நாற்காலி கொஞ்சம் ஆடும்!

எதிரணி நண்பர் குடவோலையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். நானும் பெருமைப்படுகிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். முப்பது குடும்பு, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இதைச் சொன்ன நண்பர், அதே கல்வெட்டின் அடுத்த பகுதியைச் சாமர்த்தியமாக விட்டுவிட்டார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்துக்குள்ளேயே போடக் கூடாது! அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய சொந்தக்காரர்களுக்கும் அதே தடை. அப்படியானால் குடவோலைக்கே வாசற்காவல் எது நடுவர் அவர்களே? கணக்கு! கணக்கு வந்த பிறகுதான் ஓலை வந்தது. (கைதட்டல்)

அதை விடுங்க, அது காஞ்சிபுரத்துப் பக்கம். நம்ம ஊருக்கு வருவோம். அரங்கநாதர் கோயில் சுவர்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள். தமிழில் இருக்கிறது, சமஸ்கிருதத்தில் இருக்கிறது, தெலுங்கில், கன்னடத்திலும் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறார்கள்? யார் நிலம் கொடுத்தார், எந்த விளக்குக்குக் கொடுத்தார், யார் நடத்த வேண்டும். ஏன் கல்லில் வெட்டினார்கள்? நூறு வருஷம் கழித்து வருகிறவன், "அப்படி ஒரு நிலமா? எனக்குத் தெரியாதே!" என்று சொல்லிவிடக் கூடாது. ஓலையாக இருந்தால் கரையான் தின்னும். கரையான் தின்னாவிட்டால் மனுஷன் தின்பான்! (சிரிப்பு)

ஆனால் ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். சுவரில் எழுதியாச்சு. அந்தச் சுவர்கிட்டயே போகக் கூடாதுன்னு ஒதுக்கி வைக்கப்பட்டவன் எப்படிப் படிப்பான்? 1947-ல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த பிறகுதானே எல்லாச் சாதியாரும் உள்ளே போக உரிமை சட்டமாயிற்று? உள்ளே போனாலும் எழுத்துத் தெரிய வேண்டாமா? 1951-ல் இந்தியாவில் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். ஆக, தகவல் இருக்கிறது என்பது வேறு. அது என் கைக்கு எட்டுகிறது என்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் நம்முடைய சமுதாய வரலாறு.

அடுத்து, ஓட்டே இல்லாத காலத்துக்கு வருகிறேன். 1930 ஏப்ரல் 13. திருச்சி கண்டோன்மெண்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கிளம்பினார்கள். 150 மைல், பதினைந்து நாள் நடை. சொத்தும் வரியும் உள்ளவனுக்குத்தான் அன்று ஓட்டு. வழியில் நின்று பார்த்த குடியானவனுக்கு ஓட்டு ஏது? தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் என்ன செய்தார்? 'இவர்களுக்குச் சோறு போட்டால், இடம் கொடுத்தால் ஜெயில்' என்று பத்திரிகையில் போட்டார், துண்டுப் பிரசுரம் அடித்தார், ஊர் ஊராகத் தண்டோராவும் போட்டார். விளைவு? யாத்திரை வருகிறது என்று தெரியாத கிராமத்துக்கும் தெரிந்துபோயிற்று! தண்டோரா சர்க்கார் செலவு, விளம்பரம் காங்கிரசுக்கு! (பலத்த சிரிப்பு) வீட்டில் வைத்துச் சோறு போட்டால்தானே குற்றம் என்று, சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஓட்டு இல்லாத ஜனங்கள், ஒரு செய்தி கையில் கிடைத்ததும் சாம்ராஜ்யத்தையே சமாளித்தார்கள்.

1939 மே 16. திருச்சி வானொலி பிறந்தது. 1947-ல் நாடு சுதந்திரம் அடைந்தபோது இந்தியாவின் பங்காக இருந்த வானொலி நிலையங்கள் மொத்தம் ஆறு. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ என்ற பெரிய பட்டணங்களோடு ஆறாவதாக நம்ம திருச்சி. அந்த நிலையம் செய்த காரியம் ஒன்று. 1960-களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்ற புதிய குறுகிய கால நெல். எப்போது நாற்று விட வேண்டும், எவ்வளவு உரம் போட வேண்டும் என்று பண்ணை ஒலிபரப்பில் நாள்தோறும் சொன்னார்கள். தஞ்சாவூர் விவசாயி ஆடுதுறையையும் மறந்தார், 27-ஐயும் மறந்தார். அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்! தகவல் வந்த வழியின் பேரையே தானியத்துக்கு வைத்த ஊர் நம்ம காவிரிக்கரை. அந்தத் தகவல் ஒருவரிடம் போய்க் கையேந்த வைக்கவில்லை. வயலில் நின்று அவரே முடிவெடுக்க வைத்தது.

"ஓட்டு மெஷினுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் சம்பந்தம் உண்டே!" என்று எதிரணி அம்மையார் மடக்கினார். உண்டு. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அந்த இயந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுக்க அந்த மாதிரி இயந்திரத்தில்தான் ஓட்டுப் போட்டோம். ஆனால் அம்மா, அதோடு அவர் நிறுத்திக்கொண்டாரா? 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று வாசகர் கேட்ட கேள்விக்கெல்லாம் பத்திரிகையில் பதில் எழுதினாரே! பட்டனை அழுத்த விரல் போதும். எந்தப் பட்டன் என்று தீர்மானிக்க, விஷயம் தெரிய வேண்டும். (கைதட்டல்)

வேலைக்கு வருவோம். ராஜஸ்தானில் பஞ்ச நிவாரண வேலைக்குப் போன ஏழைகள், செய்த வேலைக்குச் சொன்ன கூலி வரவில்லை என்று கேட்டார்கள். "பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்கள். "அந்தப் பதிவேட்டைக் காட்டு" என்றார்கள் ஜனங்கள். "அது சர்க்கார் ரகசியம்!" என்று பதில். மண் சுமந்தவன் கூலி ரகசியமாம்! 1994-ல் அந்தக் கணக்குகளை ஊர் நடுவே வைத்து உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவன் பேரில் கூலி. கட்டாத கட்டடத்துக்குப் பணம். 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் எல்லாரிடமும் ஓட்டு இருந்தது நடுவர் அவர்களே! ஓட்டு இருந்தும் கூலி வரவில்லை. கணக்கு வெளியே வந்ததும் திருடன் மாட்டினான்.

1997-ல் தமிழ்நாடுதான் இந்த உரிமைக்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம். விதிவிலக்குகள் ஏராளம்; ஓட்டைப் பானைதான். ஆனாலும் முதல் பானை! 2005 அக்டோபர் 12 முதல் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு வெள்ளைத்தாள். முப்பது நாளில் பதில். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம். காரணமில்லாமல் தாமதித்தால் அந்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போடலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர் நம்மைக் கேட்க முடியாது!

இதற்கும் ஆபத்து உண்டு. தனிநபர் தரவைக் காப்பதற்காக 2023-ல் வந்த சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாவது பிரிவைத் திருத்தி, தனிநபர் விவரம் என்ற விலக்கை அகலப்படுத்தியது. என் வீட்டு ரகசியம் காப்பாற்றப்பட வேண்டியதுதான். ஆனால் ஒப்பந்தக்காரர் பேரும் கூலிப் பட்டியலும் அந்தப் போர்வைக்குள் போய்விட்டால், ராஜஸ்தான் கதை மறுபடி ஆரம்பமாகும்.

"இப்பத்தான் செல்போன்ல தகவல் கொட்டுதே!"ம்பீங்க. கொட்டுறது வதந்திங்க. காலைல எந்திரிச்சா நூறு பார்வர்டு. அதுல ஒண்ணாவது நம்ம ரேஷன் கடை இருப்புக் கணக்கா? காவிரி நிறையத் தண்ணி ஓடினாலும், குடிக்கிறதுக்கு ஒரு சொம்பு மொண்டுதான் ஆகணும். (கைதட்டல்)

ஓட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நம் தாத்தா, பாட்டி போராடி வாங்கிய சொத்து. ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு போடுகிற ஓட்டுக்கும், கணக்குப் பார்த்துவிட்டுப் போடுகிற ஓட்டுக்கும் வித்தியாசம் இல்லையா? அபிப்பிராயம் இலவசம், கணக்குக்குப் பத்து ரூபாய். அந்தப் பத்து ரூபாயைச் செலவழிக்கிற வீட்டில்தான் அடுத்த 1,825 நாளும் ராஜா இருக்கிறான், ராணியும் இருக்கிறாள். ஆகவே, சாமானியனுக்குப் பலம் தருவது தகவலே என்று தீர்ப்பளிக்குமாறு வேண்டி அமர்கிறேன்.