குமண காட்டை நடந்து பார்ப்பது எப்போது?

வீரமுனையிலிருந்து பொத்துவில், பாணமை வழியாக உகந்தை முருகன் ஆலயம் சென்றோம். குமண தேசிய பூங்கா அதையடுத்தே தொடங்குகிறது. மற்ற நாட்களில் வாகனத்தில்தான் பார்க்கலாம். ஆடிவேல் விழாக் காலக் கதிர்காமப் பாதயாத்திரைக்காகக் காட்டுப்பாதை திறக்கும் நாட்களில் மட்டுமே நடக்க முடியும்.

இப்பகுதி 1938இல் பறவைகள் சரணாலயமானது. 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கண்டல் சூழ்ந்த குமண வில்லு சுமார் 200 ஹெக்டேயர். கும்புக்கன் ஓயா நீரூட்டும் இங்கு நாரைகளும் கொக்குகளும் கூடுகட்டும் காலத்தையொட்டியே யாத்திரையும் வருகிறது.

ஓயாக்கரைவரை நடந்தபோது பாதையோரம் பொலித்தீன் பைகளும் தண்ணீர்ப் போத்தல்களும் கண்டோம். போட்டவர்கள் எங்களைப் போன்ற அடியார்களே. காட்டுக்குள் கொண்டுபோனதைக் கதிர்காமம்வரை சுமப்பதும் நேர்த்திதான்.