சாக்கு சொல்லாத துப்பாக்கி

நண்பன் ஒருவன் வங்கி அதிகாரி. கடன் கேட்டு வருகிறவரிடம் முப்பது கேள்வி கேட்டுவிட்டு, முப்பத்தோராவதாக ஒரு ஜெராக்ஸும் கேட்கிற ரகம். போன மாதம் அவனே ஒரு கேள்வியோடு என் வீட்டுக்கு வந்தான்.

‘ரெண்டு துப்பாக்கி. ரெண்டும் ஜெர்மனி. ரெண்டும் லட்சத்துல விலை. எதை வாங்கலாம்னு நீயே சொல்லுடா.’

பயப்படாதீர்கள். வங்கிக்கு ஆபத்தில்லை. துப்பாக்கி மகளுக்கு. பத்தாவது படிக்கிற பெண், பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். கிளப்பில் இருக்கும் ஒரே துப்பாக்கியை நாலு பேர் மாற்றி மாற்றிச் சுடுவது இனி சரிப்படாது, சொந்தமாக ஒன்று வேண்டும் என்று கோச் சொல்லிவிட்டார். வால்தரா, ஃபைன்வெர்க்பாவா? எக்ஸெல் ஷீட்டில் இரண்டு பத்தி பிரித்து, எடை, விலை, உதிரி பாகம் என்று வரிசையாக எழுதியிருந்தான். கடைசி வரியில் மட்டும் துப்பாக்கி சம்பந்தமே இல்லாத ஓர் அயிட்டம். மனைவியின் ஆறு வளையல்கள்.

விஷயம் விளையாட்டில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஏர் ரைஃபிளோடு என் சிநேகிதமெல்லாம் மெரீனாவோடு சரி. கடற்கரையில் பலூன் சுட்டிருக்கிறீர்கள் அல்லவா? நடுவில் இருக்கும் சிவப்பு பலூனுக்குக் குறிவைத்தால் இடது ஓரத்துப் பச்சை பலூன் வெடிக்கும். உடனே நாம் என்ன சொல்வோம்? ‘துப்பாக்கி சரியில்லப்பா.’ கடைக்காரரும் மறுக்க மாட்டார். அதில் பாதி உண்மையும் உண்டு. உள்ளே ஒரு ஸ்பிரிங். விசையை அழுத்தியதும் அது ஒரு பிஸ்டனை முன்னால் தள்ளும். பிஸ்டன் காற்றை அமுக்கும். அந்தக் காற்று குண்டைத் தள்ளும். குண்டு குழலைவிட்டு வெளியே போவதற்குள் பிஸ்டன் பாய்ந்த வேகத்தில் துப்பாக்கியே ஒருமுறை உதறிவிடும். குறி பார்த்த இடம் ஒன்று, குண்டு கிளம்பிய இடம் வேறொன்று.

இந்த உதறலை ஒழிப்பதற்குத்தான் இரண்டு ஜெர்மன் கம்பெனிகள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டின. அந்தக் கதை ஒரு போரில் தொடங்குகிறது.

1945. ஜெர்மனி தோற்றுவிட்டது. தென்மேற்கே, நெக்கர் ஆற்றங்கரையில் ஓபர்ன்டார்ஃப் என்று ஒரு சிற்றூர். 1811-லேயே அங்கே ஒரு பழைய மடாலயத்தில் ராஜாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை தொடங்கிவிட்டார்கள். பிறகு மௌசர் சகோதரர்கள் வந்தார்கள். 1898-ல் வந்த மௌசர் ரைஃபிளோடுதான் ஜெர்மனி முதல் உலகப்போருக்குப் போனது. இரண்டாவதற்கும் அதன் வாரிசோடுதான் போனது. ஊரே மௌசரை நம்பிச் சோறு தின்ற ஊர். ஏப்ரல் மாதம் பிரெஞ்சுப் படை உள்ளே நுழைந்தது. தொழிற்சாலையின் இயந்திரங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதே ஏப்ரலில் நடு ஜெர்மனியிலும் ஓர் இழவு விழுந்தது. துரிங்கியா பகுதியில் ஸெல்லா-மெஹ்லிஸ் என்கிற ஊர். அங்கே 1886-ல் கார்ல் வால்தர் தொடங்கிய கம்பெனியை அப்போது அவர் மகன் ஃபிரிட்ஸ் வால்தர் நடத்திக்கொண்டிருந்தார். ஜேம்ஸ் பாண்ட் பையில் வைத்திருப்பாரே ஒரு சின்னப் பிஸ்டல், அந்த பிபிகே இவர்களுடையதுதான். முதலில் அமெரிக்கப்படை வந்தது. ஜூலையில் அது விலகிக்கொள்ள, ரஷ்யர்கள் வந்தார்கள். தொழிற்சாலை போயிற்று. ஃபிரிட்ஸ் மேற்கே ஓடினார். கையில் மிஞ்சியது தொழில் தெரிந்த மூளை மட்டும்.

அந்த மூளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜெர்மனியில் இனி யாரும் துப்பாக்கி செய்யக்கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்பது ஜெயித்தவர்களின் கட்டளை.

ஃபிரிட்ஸ் வால்தர் கணக்குப் போடும் மெஷின் செய்தார். நிஜமாகவே. கைப்பிடியைச் சுற்றினால் கூட்டிக் கழித்துச் சொல்லுமே, அந்த ரகம். போருக்கு முன்பே கம்பெனிக்கு அது ஒரு துணைத்தொழில். பி.காம் படித்த எனக்கு இந்த இடத்தில் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. பிஸ்டல் கைவிட்ட குடும்பத்தைக் கணக்கு காப்பாற்றியிருக்கிறது!

ஓபர்ன்டார்ஃபில் வேலை போன மௌசர் என்ஜினீயர்கள் ஆளுக்கொரு பக்கம் கடை விரித்தார்கள். மூன்று பேர் சேர்ந்து 1949-ல் ஒரு கம்பெனி ஆரம்பித்து, தையல் மெஷின் பாகங்கள், சைக்கிள் பாகங்கள் என்று கிடைத்ததைச் செய்தார்கள். அதன் பெயர் ஹெக்லர் அண்ட் காக். பின்னாளில் ராணுவத் துப்பாக்கிகளில் உலகப் பெயர் எடுத்தது. வெஸ்டிங்கர், ஆல்டன்பர்கர் என்று வேறு இரண்டு பேர் தனியாக ஒரு பட்டறை போட்டார்கள். அவர்கள் வைத்த பெயர் ஃபைன்வெர்க்பாவ். நுட்பமான பொறிவேலை என்று அர்த்தம். பெயரில் துப்பாக்கி வாசனையே இல்லை பாருங்கள். அந்தக் காலத்தில் அதுதான் புத்திசாலித்தனம்.

ஜெர்மானியர்களுக்குக் குறிபார்த்துச் சுடுவது ஊர்த்திருவிழா மாதிரி. 1861-லேயே அதற்குத் தேசிய சங்கம் வைத்தவர்கள். போருக்குப் பிறகு அந்தச் சங்கம் மீண்டும் உயிர்பெற்றது 1951-ல். ஆனால், எதை வைத்துச் சுடுவது? வெடிமருந்து என்று பேச்செடுத்தாலே வில்லங்கம். காற்று? அதில் யாருக்கு என்ன ஆட்சேபம்! தூரமும் பத்து மீட்டர் போதும். ஊர்ச் சத்திரத்தின் பின்கட்டில் ஒரு நீளமான அறை இருந்தால் முடிந்தது. வால்தரின் முதல் ஏர் ரைஃபிள்கள் இந்த இடைவெளியில்தான் வந்தன. 1953-ல் கம்பெனி உல்ம் நகரில் நிலைகொண்டது.

தடை போட்டவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ராணுவத் துப்பாக்கிக்குச் செலவாகவேண்டிய மூளையெல்லாம் மொத்தமாக ஓர் அரை கிராம் ஈயக்குண்டின்மேல் இறங்கிவிட்டது.

முதல் பெரிய அடி ஃபைன்வெர்க்பாவுடையது. 1960-களின் தொடக்கத்தில் ‘150’ என்றொரு மாடல். உதறலைத் தடுக்க முடியாதா? சரி, உதறட்டும், ஆனால் சுடுகிறவர் தோளுக்கு அது தெரியக்கூடாது. இதுதான் அவர்கள் யோசனை. குழலையும் அதன் பொறியையும் மரக்கட்டையோடு இறுக்காமல், சின்னத் தண்டவாளம் மாதிரி ஒன்றில் உட்காரவைத்தார்கள். சுட்டதும் மேல்பகுதி மட்டும் பின்னால் வழுக்கும். தோளில் சாய்ந்திருக்கும் கட்டை அசையாது. 1966-ல் ஏர் ரைஃபிள் உலக சாம்பியன்ஷிப்பில் சேர்க்கப்பட்டது. அந்தத் தண்டவாளக் குடும்பத்தின் ‘300’ வரிசையைப் பழைய கோச்சுகள் இன்றும் பெருமூச்சோடுதான் சொல்வார்கள்.

வால்தர் சும்மா இருக்குமா? 1970-களில் அவர்கள் ஸ்பிரிங்கையே தூக்கிக் கடாசினார்கள். நெம்புகோலை ஒரே ஒருமுறை இழுத்தால் காற்று உள்ளே அமுங்கிக் காத்திருக்கும். விசை அழுத்தினால் வால்வு திறக்கும், அவ்வளவுதான். பாய பிஸ்டனே இல்லாதபோது உதறல் ஏது? அடுத்த பத்தாண்டில் ஃபைன்வெர்க்பாவும் அதே வழிக்கு வந்தது. இந்த விளையாட்டு 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது. பிறகு கார்பன் டை ஆக்ஸைடு கொஞ்ச காலம். பிறகு, முன்கூட்டியே அமுக்கி நிரப்பிய காற்று உருளை. இரண்டு கம்பெனியும் ஒன்றை ஒன்று பார்த்து, ஒன்றை ஒன்று துரத்தி, கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன.

எந்த இடம்? துப்பாக்கியை இடுக்கியில் இறுக்கி, நல்ல குண்டாகப் போட்டு ஐந்து முறை சுட்டால், ஐந்தும் ஏறக்குறைய ஒரே துளைக்குள் போகிற இடம். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். அட்டையில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர், ஒரு பென்சில் புள்ளி. இரண்டு துப்பாக்கியுமே அதைத் தொடும். நீங்கள் தொடவில்லை என்றால் அது துப்பாக்கியின் தப்பு இல்லை.

ஆக, நண்பன் லட்சங்கள் கொடுத்து வாங்கப்போவது என்ன? மெரீனாவில் நாம் சொல்கிற அந்தச் சாக்கை இனிமேல் சொல்லவே முடியாத நிலைமையை.

இதைச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. ‘அப்ப துப்பாக்கில ஒண்ணுமே இல்லைங்கறியா?’

இருக்கிறது. பீஜிங்கைப் பார்த்தால் புரியும்.

2008 ஆகஸ்ட் 11. தகுதிச்சுற்றில் 596 எடுத்து நான்காவதாக இறுதிக்கு வந்திருந்தார் அபினவ் பிந்த்ரா. இறுதிச்சுற்றுக்கு முன்னால் சும்மா சுட்டுப்பார்க்க ஒரு வாய்ப்பு தருவார்கள். சுட்டார். குண்டு நடுவைவிட்டு எங்கேயோ போய் விழுந்தது. இடைவேளையில் எப்படியோ சைட் நகர்ந்திருக்கிறது. பின்னாளில் அவரே சொன்ன விஷயம் இது. எப்பேர்ப்பட்ட சாக்கு! உலகமே ஒப்புக்கொண்டிருக்கும்.

பிந்த்ரா சைட்டைத் திருகினார். சுட்டார். மறுபடி திருகினார். போட்டி தொடங்கியதும் முதல் குண்டு 10.7. பத்துக் குண்டில் ஒன்றுகூடப் பத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஒன்பது முடிந்தபோது அவரும் ஃபின்லாந்தின் ஹென்ரி ஹக்கினனும் 689.7 என்று சரிக்குச் சரி. கடைசிக் குண்டு. ஹக்கினன் 9.7. பிந்த்ரா 10.8. தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம்.

நான்கே ஆண்டு முன்னால், ஏதென்ஸில் இதே பிந்த்ரா தகுதிச்சுற்றில் 597 எடுத்தார். பீஜிங்கைவிட ஒன்று அதிகம். இறுதியில் சறுக்கி ஏழாவது இடம். அங்கே தோற்றதும் இங்கே ஜெயித்ததும் துப்பாக்கியின் பிராண்டால் அல்ல. தன் துப்பாக்கியின் ஒவ்வொரு திருகும் எத்தனை தூரம் நகர்த்தும் என்று விரல் நுனியில் வைத்திருந்ததால்தான் அந்தச் சில நிமிடங்களில் அவரால் அதைச் சரிசெய்ய முடிந்தது. துப்பாக்கியில் இருப்பது அதுதான். பழக்கம்.

நண்பனுக்கு நான் சொன்ன யோசனை இவ்வளவுதான். விலைப்பட்டியலை மூடு. இரண்டையும் பெண் கையில் கொடு. கன்னம் எங்கே உட்காருகிறது, தோள்பட்டைத் தகடு எங்கே இடிக்கிறது, கண் தானாகச் சைட்டுக்கு நேரே வருகிறதா என்று அவள் சொல்லட்டும். குழலுக்குக் குழல் ஒத்துப்போகும் குண்டு மாறும், நாலைந்து ரகம் சோதித்து வாங்கு. சீல் தேய்ந்தால் மாற்றித்தர ஆள் பக்கத்தில் உண்டா என்று விசாரி. செகண்ட் ஹேண்ட் கிடைத்தால் விடாதே. ஆனால் காற்று உருளைமேல் பொறித்திருக்கும் தேதியைப் பார். பத்து வருடம்தான் அதற்கு ஆயுள். தேதி தாண்டிய உருளையோடு போட்டிக்குப் போகமுடியாது.

அடுத்த ஞாயிறு கிளப்புக்கு நானும் போனேன். சீனியர் பையன்கள் இரண்டு பேர் தங்கள் துப்பாக்கியை இரவல் கொடுத்தார்கள். ஒன்று வால்தர், ஒன்று ஃபைன்வெர்க்பாவ். அவள் இரண்டையும் மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் சுட்டாள். பிறகு ஒன்றைத் தொட்டு, ‘இதுப்பா’ என்றாள். அப்பா காரணம் கேட்டான். ‘இது கழுத்தை இழுக்கலை’ என்றாள்.

அவள் தொட்டது எது என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் அதையே வாங்கிவிடுவீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையின் கழுத்து வேறு.

செகண்ட் ஹேண்டில்தான் கிடைத்தது. உருளை மட்டும் புதிது. வளையல் மூன்றோடு நின்றது. துப்பாக்கி வந்த அன்று போன் செய்தாள்.

‘சந்தோஷமாம்மா?’

‘பயமா இருக்கு அங்கிள். இதுவரைக்கும் தப்பாப் போனா கிளப் துப்பாக்கின்னு சொல்லிட்டிருந்தேன்.’